கேட்கப் பழகுதல்: செவித்திறன் குறைந்த குழந்தைகளுக்கான பயிற்சி

அறுவை சிகிச்சை முடிந்து சில வாரங்கள் கழித்துக் காக்ளியர் இம்ப்ளான்ட் கருவியை முதன்முதலாக இயக்கும் நாளை எங்கள் பிரிவில் 'ஸ்விட்ச் ஆன்' நாள் என்று சொல்வோம். அன்று காலையிலேயே குடும்பம் முழுவதும் வந்துவிடும். குழந்தைக்குப் புதுச் சட்டை அணிவித்திருப்பார்கள். தந்தையின் கையில் செல்பேசி படம் பிடிக்க ஆயத்தமாக இருக்கும். பெயர் சொல்லி அழைத்தவுடன் குழந்தை திரும்பிப் பார்க்கும், முகம் மலரும் என்ற எதிர்பார்ப்பு அறை முழுவதும் நிறைந்திருக்கும். ஆனால் பல குழந்தைகள் அன்று அழுகின்றன. சில குழந்தைகள் திடுக்கிட்டுத் தாயின் மடியில் முகம் புதைக்கின்றன. வேறு சில குழந்தைகளோ ஒன்றுமே நிகழாததுபோல் கையிலுள்ள பொம்மையை உருட்டிக்கொண்டிருக்கின்றன. செல்பேசி மெல்லக் கீழே இறங்குகிறது. "கேக்குதா, இல்லையாங்க டாக்டர்?" என்று பாட்டி கேட்கிறார்.

ஒலி உள்ளே போகிறது. அது இன்னதென்று குழந்தைக்குத் தெரியவில்லை. அந்த நாளுக்கும், குழந்தை 'அம்மா' என்று பொருளறிந்து சொல்லும் நாளுக்கும் இடையில் பல மாதங்கள் உள்ளன. அந்த மாதங்களில் என்ன நிகழ்கிறது, வீட்டார் என்ன செய்ய வேண்டும் என்பதை எடுத்துரைக்கவே இக்கட்டுரையை எழுதுகிறோம். காது கேட்கும் கருவி அணிந்த குழந்தைகளுக்கும் இதில் கூறுபவை பெரும்பாலும் பொருந்தும்.

காதில் விழுவதும் காதுகொடுப்பதும்

தமிழில் 'காதில் விழுந்தது' என்பதும் 'காதுகொடுத்துக் கேட்டான்' என்பதும் ஒன்றல்ல. முன்னது செவியின் செயல். பின்னது மூளையின் செயல். எங்கள் பயிற்சி முழுவதும் இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கடப்பதற்கானதே.

செவித்திறன் குறையில்லாத குழந்தை இத்தூரத்தை எவருக்கும் தெரியாமலேயே கடந்துவிடுகிறது. கருவில் ஆறாம் மாத அளவிலேயே அதற்குத் தாயின் குரல் கேட்கத் தொடங்குகிறது. பிறந்தபின் ஏறத்தாழ ஓராண்டுக் காலம், விழித்திருக்கும் நேரமெல்லாம், அது பேச்சைக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. அவ்வளவு கேட்டபின்பே முதற்சொல்லைச் சொல்கிறது. இரண்டு வயதில் கருவி பெறும் குழந்தைக்கு இந்த மாதங்கள் யாவும் கிடைக்காமல் போயிருக்கின்றன. ஆகவே நாங்கள் குழந்தையின் பிறந்த வயதோடு 'கேட்கும் வயது' என்றொரு கணக்கையும் குறித்துவைக்கிறோம். இரண்டு வயதில் கருவி அணிந்த குழந்தை மூன்றாவது பிறந்தநாளைக் கொண்டாடும்போது அதன் கேட்கும் வயது ஒன்றுதான். அடுத்த வீட்டு மூன்று வயதுக் குழந்தையோடு அதனை ஒப்பிட்டு வருந்துவது முறையாகாது.

கருவிகள் என்ன செய்கின்றன, எதைச் செய்வதில்லை என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். உட்காதில் நத்தைக்கூடு போன்ற காக்ளியா என்னும் உறுப்பு உள்ளது. அதிலுள்ள நுண்ணிய மயிரிழைச் செல்கள் ஒலி அதிர்வுகளை மின் துடிப்புகளாக மாற்றிச் செவி நரம்புக்கு அளிக்கின்றன. கீச்சொலிகள் அதன் தொடக்கப் பகுதியிலும், கனத்த ஒலிகள் சுருளின் உச்சியிலும் உணரப்படுகின்றன. இச்செல்கள் ஓரளவு எஞ்சியிருந்தால், காது கேட்கும் கருவி ஒலியைப் பெருக்கித் தந்தாலே போதும். அவை பெரிதும் பழுதுபட்டிருந்தால், காக்ளியர் இம்ப்ளான்ட் அவற்றைத் தாண்டிச் சென்று நேரடியாக நரம்பைத் தூண்டுகிறது. இயல்பான செவியில் நரம்புக்குச் செய்தி அனுப்பும் உள்வரிசைச் செல்கள் மட்டும் சுமார் 3,500 உள்ளன. அவற்றின் வேலையை இம்ப்ளான்டில் 12 முதல் 22 வரையிலான மின்முனைகள் செய்ய முயல்கின்றன. குழந்தைக்குக் கிடைப்பது நாம் கேட்கும் அதே ஒலியன்று. ஆயினும் பேச்சைக் கற்றுக்கொள்ள அது போதுமானது. அந்த ஒலிக்குப் பொருள் காணும் பணியை மூளை பழகிக்கொள்ள வேண்டும்.

அந்தப் பழக்கத்துக்கு ஒரு பருவம் உண்டு. ஒலி வராத நிலையில், மூளையில் செவிக்கு உரிய பகுதியைப் பார்வை முதலிய பிற புலன்கள் மெல்லத் தமதாக்கிக்கொள்கின்றன. பிறவியிலேயே செவித்திறன் இல்லாமல் பின்னர் இம்ப்ளான்ட் பெற்ற குழந்தைகளின் மூளை அலைகளை அளந்த ஆய்வுகள், சுமார் மூன்றரை வயதுக்குள் ஒலி கிடைத்தால் மூளை அதனை நன்கு ஏற்பதையும், ஏழு வயதுக்குப்பின் அது மிகக் கடினமாவதையும் காட்டியுள்ளன. பிறந்த 1 மாதத்துக்குள் செவிச் சோதனை, 3 மாதத்துக்குள் குறையை உறுதிசெய்தல், 6 மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும் என்று பன்னாட்டு வழிகாட்டுதல்கள் வலியுறுத்துவது இதனால்தான். "ஆம்பளப் புள்ள லேட்டாத்தான் பேசும்", "அவங்க தாத்தாகூட அஞ்சு வயசுலதான் பேசினாரு" என்னும் ஆறுதல் மொழிகள் எத்தனை குழந்தைகளின் எத்தனை மாதங்களை விழுங்கியுள்ளன என்பதை நாங்கள் நாள்தோறும் காண்கிறோம். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் காக்ளியர் இம்ப்ளான்ட் சிகிச்சை அளிக்கப்படுகிறது. அதற்காக ஆறு வயதுவரை காத்திருக்கலாம் என்று எவரும் பொருள்கொள்ள வேண்டாம்.

பயிற்சி அறையில்

செவிவழிப் பேச்சுப் பயிற்சி என்று நாங்கள் குறிப்பிடும் இம்முறை காக்ளியர் இம்ப்ளான்டுக்கு முந்தையது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், அமெரிக்காவில் டோரீன் போலாக், ஹெலன் பீபி போன்றோர் அக்காலத்துக் கருவிகளை வைத்துக்கொண்டே இதனை உருவாக்கினார்கள். குழந்தையிடம் எஞ்சியுள்ள சிறிதளவு செவித்திறனைக்கூட வீணாக்காமல், உதட்டசைவைப் பார்த்து ஊகிக்க விடாமல், செவியையே முதல் வழியாகப் பழக்க வேண்டும் என்பது அவர்கள் கண்ட வழி. பெற்றோர் அறைக்கு வெளியே காத்திருக்காமல் உள்ளே அமர்ந்து, தாமே பயிற்சி அளிக்கக் கற்க வேண்டும் என்பதும் அன்றே அவர்கள் வகுத்ததுதான்.

பெற்றோர் பலர் இதனை அறியாமல் குழந்தையை எங்களிடம் விட்டுவிட்டு மருந்தகத்துக்கோ உணவகத்துக்கோ செல்ல விழைகிறார்கள். வாரத்தில் ஒரு மணி நேரம் நாங்கள் குழந்தையோடு இருக்கிறோம். அது விழித்திருக்கும் மற்ற எழுபது, எண்பது மணி நேரமும் உங்களோடு இருக்கிறது. எங்கள் ஒரு மணி நேரத்தில் குழந்தைக்குக் கற்பிப்பதைவிட உங்களுக்குக் காட்டுவதே மிகுதி.

முதலில் குழந்தை அறிய வேண்டுவது, ஒலி என்று ஒன்று உண்டு, இல்லாமலும் போகும் என்பதே. மணியோசை கேட்டதும் பால் குடிப்பதைச் சற்றே நிறுத்துதல், கண்ணிமை விரிதல், விளையாட்டின் நடுவே கை அசைவற்று நிற்றல் ஆகியவை தொடக்க அடையாளங்கள். இவற்றைக் கவனியாத வீட்டார் "ஒண்ணும் கேக்கல" என்று சொல்லிவிடுவார்கள். சற்று வளர்ந்த குழந்தைக்கு ஒரு விளையாட்டைப் பழக்குகிறோம். மணி ஒன்றைக் காதருகே வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். ஒலி கேட்டதும் அதனை டப்பாவில் போட வேண்டும். இதில் போடுவதைவிடப் போடாமல் காத்திருப்பதுதான் அரிய பாடம்.

இதற்கு நாங்கள் பயன்படுத்தும் ஆறு ஒலிகளை வகுத்தவர் டேனியல் லிங் என்னும் அறிஞர். ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ் என்பவை அவை. கனத்த ஒலியான 'ம்' தொடங்கி மிகக் கூர்மையான 'ஸ்' வரை, பேச்சொலிகள் பரவியுள்ள எல்லை முழுவதையும் இவ்வாறும் தொட்டுவிடுகின்றன. காலையில் கருவியை அணிவித்தவுடன் குழந்தைக்குப் பக்கவாட்டில் அமர்ந்து, உங்கள் வாயை அது பார்க்காதவாறு, இயல்பான குரலில் ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். ஒரே தாளத்தில் சொன்னால் குழந்தை தாளத்தைப் பிடித்துக்கொண்டு மணியைப் போட்டுவிடும். ஆகவே இடைவெளியை மாற்றி மாற்றிச் சொல்லுங்கள். முதலில் ஒரு சாண் தூரத்தில், பிறகு ஒரு மீட்டரில், பிறகு அறையின் மறுகோடியில். இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். நேற்றுவரை 'ஸ்' ஒலிக்குத் திரும்பிய குழந்தை இன்று திரும்பவில்லையெனில் பேட்டரி குறைந்திருக்கலாம். காது அச்சில் அழுக்கு அடைத்திருக்கலாம். குழாயில் வியர்வை நீர் தேங்கியிருக்கலாம். சளியினால் நடுக்காதில் நீர் கோத்திருக்கலாம். குழந்தையால் தானாக இவற்றைச் சொல்ல இயலாது. இந்த ஆறு ஒலிகள் அதன் சார்பில் சொல்லிவிடுகின்றன. இச்சோதனையைப் பல் துலக்குவதுபோல் அன்றாட வழக்கமாக்கிக்கொண்ட வீடுகளில் கருவிப் பழுது ஒரு நாளுக்குமேல் கண்டறியப்படாமல் இருந்ததில்லை.

ஒலி உண்டு என்று உணர்ந்தபின், ஓர் ஒலியும் மற்றோர் ஒலியும் வேறு என்று உணர்தல். பின்னர், இது இன்னதன் ஒலி என்று அடையாளம் காணுதல். அதன்பின், கேட்டதன் பொருளை உணர்ந்து மறுமொழி கூறுதல் என்று பயிற்சி மேலேறுகிறது. படிகள் நூலில் இருப்பதுபோல் ஒன்றன்பின் ஒன்றாக வருவதில்லை. 'டாட்டா' என்பதன் பொருளை அறிந்த குழந்தைக்குப் பந்து எது, பாட்டி எது என்பது குழம்பிக்கொண்டிருக்கும். அதனால் கேடில்லை.

தமிழைக் கேட்கப் பழக்குதல்

பயிற்சிக்கான நூல்களும் அட்டைகளும் பெரும்பாலும் ஆங்கிலத்துக்கென ஆக்கப்பட்டவை. தமிழ் கேட்கும் குழந்தைக்கு எது எளிது, எது அரிது என்பதை நாங்கள் குழந்தைகளிடமிருந்தே கற்றுவருகிறோம்.

எளியதிலிருந்து தொடங்குவோம். நீளத்தில் பெரிதும் வேறுபடும் சொற்களைக் குழந்தை முதலில் பிரித்தறியும். 'பூ' என்பதும் 'பட்டாம்பூச்சி' என்பதும் எழுத்தொலிகள் தெளிவாகக் கேட்காத நிலையிலும் வேறுவேறாகத் தோன்றும். அடுத்து, நெடிலும் குறிலும். உயிரொலிகள் பேச்சில் உரத்தவை. அவற்றின் கால அளவு கருவியிலும் சிதையாமல் வந்துசேர்கிறது. ஆகவே 'பல் – பால்', 'கல் – கால்', 'படம் – பாடம்' போன்ற இணைகளைக் குழந்தை ஓரளவு விரைவாகப் பற்றிக்கொள்கிறது. 'பாடு – பாட்டு' போன்ற ஒற்று மிகும் இணைகள் சற்றுப் பின்னர் வரும். 'புலி – புளி' இன்னும் பின்னர். அதில் பெரியவர்களே தடுமாறுவதைக் காண்கிறோமாதலால் குழந்தையை அதற்காக வருத்த வேண்டியதில்லை.

உண்மையான இடர் சொல்லின் இறுதியில் இருக்கிறது. தமிழில் யார், எங்கே, யாருக்கு, எப்போது என்னும் செய்திகள் பலவும் சொல்லின் வாலில்தான் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. 'வீட்டுல', 'வீட்டுக்கு', 'வீட்டுலேர்ந்து' ஆகிய மூன்றும் தொடக்கத்தில் ஒன்றே. 'வந்தான்', 'வந்தாள்' என்று எழுத்தில் தெளிவாக வேறுபடுபவை பேச்சில், முன்னதன் இறுதியில் மூக்கொலி சற்றே இழைவதாலும், பின்னதில் அது இல்லாததாலும் மட்டுமே வேறுபடுகின்றன. மூச்சு முடியும் இடத்தில் குரலும் தணிந்துவிடுகிறது. செவித்திறன் குறைந்த குழந்தை 'அப்பா கடை போ' என்று வாலறுந்த தமிழ் பேசினால், பெரும்பாலும் அது வாலைக் கேட்டதே இல்லை என்பதே காரணம். ஆகவே தனிச்சொற்களை மட்டும் ஒப்பிப்பது போதாது. 'மேசை', 'மேசை' என்று பத்து முறை சொல்வதைவிட, "மேசை மேல வச்சேன், மேசைக்குக் கீழ போயிடுச்சு, மேசையைத் தொடைக்கலாமா?" என்று கைவேலையோடு சேர்த்துச் சொல்வது பயன் தரும். இறுதி ஒலியைச் சற்றே இழுத்து, இசைபோல் ஏற்றி இறக்கிச் சொல்லலாம். உரக்கக் கத்துதல் கூடாது. கத்தும்போது உயிரொலி மட்டும் பெருத்து மெய்யொலிகளை மறைத்துவிடும்.

இதற்குத் தமிழ் நமக்கு அளித்துள்ள உதவிகளும் குறைவல்ல. சலசல, கடகட, படபட, மடமட என்னும் இரட்டைக்கிளவிகள் பொருளை ஒலியாலேயே உணர்த்துபவை, இளஞ்செவிக்கென்றே அமைந்தாற்போன்றவை. காகத்துக்குக் 'கா கா', மாட்டுக்கு 'ம்மா', பாம்புக்கு 'ஸ்ஸ்', ஆட்டோவுக்கு 'டுர்ர்' என்று ஒவ்வொரு பொம்மைக்கும் ஓர் ஒலியைக் கட்டிவிட்டால், குழந்தை பெயரைப் பிடிக்குமுன் ஒலியைப் பிடித்துக்கொள்ளும். தாலாட்டும், நிலாவைக் காட்டிச் சோறூட்டும் பாட்டும், கைவீசி விளையாடும் பாட்டும் சொல்லுக்கு முன்னே குரலின் ஏற்ற இறக்கத்தைக் கற்பிப்பவை. செல்பேசியில் ஓடும் பாட்டை இவற்றுக்கு ஈடாகக் கருத வேண்டாம். திரை குழந்தையின் முகத்தைப் பார்ப்பதில்லை. அதன் மறுமொழிக்குக் காத்திருப்பதுமில்லை.

பள்ளியில் ஆங்கிலம் என்பதால் வீட்டிலும் ஆங்கிலச் சொற்களையே சொல்லித்தருகிறோம் என்று சில பெற்றோர் கூறுகிறார்கள். உங்களுக்குத் தடையின்றி வரும் மொழி எதுவோ அதிலேயே பேசுங்கள். அது தெலுங்காகவோ உருதாகவோ சௌராஷ்டிரமாகவோ இருப்பினும் சரியே. தாய் தட்டுத்தடுமாறிப் பேசும் நூறு சொற்களைவிட, இயல்பாகப் பேசும் ஆயிரம் சொற்களிலிருந்து குழந்தை மிகுதியாகக் கற்கும்.

ஒரு வீட்டில் நிகழ்ந்தது

சில ஆண்டுகளுக்கு முன் எங்களிடம் வந்த ஒரு பெண் குழந்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டரை வயதில் இம்ப்ளான்ட் பெற்றவள். தாய் வாரந்தவறாமல் இரண்டு பேருந்து மாறி அவளை அழைத்துவருவார். ஐந்தாம் மாதம் வரையிலும் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் தென்படவில்லை. மேப்பிங்கை மாற்றிப் பார்த்தோம்; கருவியைச் சோதித்தோம்; ஸ்கேன் படங்களை மீண்டும் எடுத்துப் பார்த்தோம். "கருவியைத் தினமும் போடுறீங்களா?" என்று கேட்கும்போதெல்லாம், "போடுறேங்க" என்றே தாய் கூறிவந்தார்.

பிறகு கருவியின் பதிவைக் கணினியில் திறந்து பார்த்தபோது, நாளொன்றுக்குச் சராசரியாக இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாகவே அது இயங்கியிருந்தது. தாய் பொய் சொல்லவில்லை. தினமும் போடத்தான் செய்தார். நாங்கள் எவ்வளவு நேரம் என்று கேட்கவில்லை. அது எங்கள் பிழை. காரணத்தைக் கேட்டதும் அவர் கண்கலங்கினார். "ஓடி விளையாடுறப்ப உடைஞ்சுட்டா யாருங்க வாங்கித் தருவா? தெருவுல எல்லாரும் காதுல என்ன, போனான்னு கேக்குறாங்க." பயிற்சிக்கு வரும்போதும், வீட்டில் பாடம் சொல்லித்தரும் வேளையிலும் மட்டும் அணிவித்து, பிறகு துடைத்துப் பெட்டியில் வைத்துவிடுவார். விலையுயர்ந்த நகையைப் பேணுவதுபோல் பேணியிருக்கிறார்.

கருவி கழன்று விழாதபடி தலைப்பட்டியில் பிணைக்கும் முறையைக் காட்டினோம். காப்பீடு பற்றியும் பழுது நீக்கம் பற்றியும் விளக்கினோம். எழுந்தவுடன் அணிவித்து, குளிக்கும்போதும் உறங்கும்போதும் மட்டுமே கழற்ற வேண்டும் என்று முடிவாயிற்று. அடுத்த மாதத்தில் ஒருநாள் பாட்டியும் உடன் வந்தார். திண்ணையில் அவர் வெற்றிலையைச் சிறு உரலில் இடித்துக்கொண்டிருந்தபோது, உள்ளே விளையாடிக்கொண்டிருந்த குழந்தை எழுந்து வந்து உரலைத் தொட்டுப் பார்த்ததாம். தற்செயலாக இருக்கும் என்று எண்ணி, மறுநாள் புடவைத் தலைப்பில் உரலை மறைத்துக்கொண்டு இடித்திருக்கிறார். குழந்தை மீண்டும் வந்து தலைப்பை விலக்கியிருக்கிறது. "அதுக்கப்புறம் தினமும் நாலு தடவ வெத்தல போடுறேனுங்க" என்றார் பாட்டி. எங்கள் அறையில் ஐந்து மாதம் மணியடித்தும் முரசு தட்டியும் நாங்கள் பெறாத மறுமொழியை அந்த உரல் பெற்றுவிட்டது.

இவ்விடத்தில் ஒரு குறிப்பு. ஒரு காதில் மட்டும் கருவி அணிந்த குழந்தைக்கு ஒலி எத்திசையிலிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது மிகக் கடினம். பின்னாலிருந்து அழைத்து, சரியான பக்கம் திரும்பவில்லை என்பதால் கேட்கவில்லை என்று முடிவுகட்ட வேண்டாம். அந்தக் குழந்தைக்குப் பாட்டி அமரும் இடம் முன்பே தெரியும்.

வீட்டுக்கேற்ற முறைகள்

தனியாகப் பயிற்சி நேரம் ஒதுக்க இயலவில்லையே என்று வருந்தும் தாய்மார்களுக்கு நாங்கள் சொல்வது, சமையலறையே போதும் என்பதுதான். குக்கர் விசில் வரப்போகிறது என்று காதைத் தொட்டுக் காட்டிக் காத்திருங்கள். விசில் வந்ததும், "விசில் கேட்டுச்சு!" என்று சொல்லி, அடுப்பருகே தூக்கிச் சென்று காட்டி, மறுபடியும் சொல்லுங்கள். முதலில் செவிக்கு, பிறகு கண்ணுக்கு, மீண்டும் செவிக்கு என்பதே ஒழுங்கு. வெங்காயம், தக்காளி, கத்தரிக்காய் மூன்றையும் முன்னே வைத்து, "கத்தரிக்காயை எடு" என்று சொல்லுங்கள். கையால் சுட்டாதீர்கள், கண்ணாலும் சுட்டாதீர்கள். நம்மை அறியாமலே நம் பார்வை கத்தரிக்காயின் மீது செல்வதைக் குழந்தை மிக விரைவாகக் கண்டுகொள்ளும்.

சொன்னபின் காத்திருங்கள். இதுவே பெற்றோருக்கு மிகக் கடினமாக இருக்கிறது. மனத்துக்குள் பத்து எண்ணும்வரை அமைதியாக, எதிர்பார்ப்போடு குழந்தையை நோக்குங்கள். புதிதாகக் கேட்கும் மூளைக்கு ஒலியைப் பொருளாக்க நேரம் வேண்டும். மூன்று நொடிக்குள் நாம் மீண்டும் சொல்லிவிட்டால் அது தொடக்கத்திலிருந்து மறுபடியும் தொடங்க நேரிடும். அவ்வாறே, "இது என்ன? சொல்லு, சொல்லு" என்று உறவினர் முன்னிலையில் சோதிப்பதும் வேண்டாம். பேச்சு தேர்வாக மாறிய வீட்டில் குழந்தை வாய்திறக்கத் தயங்குவதைப் பார்த்திருக்கிறோம்.

தூரமும் இரைச்சலும் கருவிக்குப் பகை. திறந்தவெளியில் தூரம் இருமடங்கானால் ஒலி 6 டெசிபெல் குறைந்துவிடும். கூடத்தில் தொலைக்காட்சியும், மேலே விசிறியும், உள்ளே மிக்ஸியும் ஓடும்போது பத்தடி தள்ளி நின்று சொல்வது குழந்தைக்கு வெறும் இரைச்சலே. தொடக்க மாதங்களில் எவரும் பார்க்காத தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, கருவி அணிந்த காதருகே வந்து பேசுங்கள். நன்கு கேட்கத் தொடங்கியபின் சற்றே இரைச்சலிலும் பழக்குவோம். பள்ளிக்கூடம் அமைதியான இடமன்று.

காது கேட்கும் கருவி அணிந்த கைக்குழந்தைகளின் பெற்றோர் மற்றொன்றையும் கருத்தில் கொள்ள வேண்டும். குழந்தையின் காது வளர்வதால் காது அச்சு சில மாதங்களிலேயே தளர்ந்துவிடும். அப்போது கருவி கீச்சிடும். கீச்சொலியை நிறுத்த வீட்டார் ஒலியளவைக் குறைக்கிறார்கள். ஓசை நின்றுவிடுகிறது, குழந்தைக்குக் கேட்பதும் நின்றுவிடுகிறது. கீச்சிட்டால் புதிய அச்சுக்காக உடனே வாருங்கள். நம் ஊர் வெப்பத்துக்கும் வியர்வைக்கும், இரவில் கருவியை ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் டப்பாவில் வைப்பது இன்றியமையாதது.

எப்போது கவலைப்பட வேண்டும்

கேட்கும் வயது என்னும் கணக்கு பொறுமைக்கானது, அசட்டைக்கானதன்று. கருவியை நாள் முழுவதும் அணிந்தும் மூன்று மாதத்தில் எந்த ஒலிக்கும் மறுமொழி இல்லையெனில், ஆறு மாதத்துக்குப் பின்னும் தன் பெயருக்குத் திரும்பவில்லையெனில், அல்லது முன்பு கேட்டதை இப்போது கேட்கவில்லையெனில், அடுத்த வாரத் தவணைக்குக் காத்திராமல் தெரிவியுங்கள். மேப்பிங்கை மாற்ற வேண்டியிருக்கலாம். கண், அறிவு வளர்ச்சி, ஆட்டிசம் போன்ற பிற காரணங்களையும் பார்க்க வேண்டியிருக்கலாம்.

சில குழந்தைகளுக்குச் செவி நரம்பே மிக மெலிந்தோ இல்லாமலோ இருக்கும். சிலர் மிகத் தாமதமாக எங்களிடம் வந்திருப்பார்கள். அவர்களுள் சிலருக்குச் செவிவழி மட்டும் போதுமானதாக அமைவதில்லை. அப்போது சைகை மொழியைப் பரிந்துரைக்கிறோம். அதனைத் தோல்வியின் அடையாளமாகக் காணும் பெற்றோர் உள்ளனர். நாங்கள் அவ்வாறு காண்பதில்லை. சைகை மொழி இலக்கணமுடைய முழுமையான மொழி. குழந்தைக்கு ஏதேனும் ஒரு மொழி காலத்தே கிடைக்க வேண்டும். அதனோடு கதை கேட்கவும், சண்டையிடவும், கேள்வி கேட்கவும் வீட்டில் ஒருவரேனும் இருக்க வேண்டும். எந்த வழி என்பதை உங்களோடு அமர்ந்து, குழந்தையைப் பார்த்தே முடிவுசெய்கிறோம்.

அடுத்த தவணைக்கு வரும்போது கருவியின் எல்லா உதிரிகளையும், மாற்றுப் பேட்டரிகளையும், வீட்டில் குழந்தை எந்தெந்த ஒலிக்கு என்ன செய்தது என்று குறித்துவைத்த நோட்டையும் எடுத்துவாருங்கள். நாள் முழுவதும் குழந்தையோடு இருப்பவர் யாரோ, அவர் பாட்டியாயினும் அத்தையாயினும் அண்டை வீட்டு அக்காவாயினும், ஒருமுறை அவரையும் அழைத்துவாருங்கள். அவருக்கும் ஒரு நாற்காலி போட்டுவைத்திருக்கிறோம்.